நிழலில்லாக் கல்

கோட்டைமேடு, கோவை
4 செப்டம்பர் 2025

பாலுசாமி அண்ணாவுக்கு,

வணக்கம். திங்கட்கிழமை புத்தகம் வந்தது. அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்திவிட்டுப் பிரித்தேன். 'கொங்கு நாட்டு விநோதங்கள் நாற்பது'. அட்டை அழகாக இருக்கிறது. உங்கள் பெயர் பெரிதாக இருக்கிறது. என் பெயரைத் தேடினேன். அட்டையில் இல்லை, உள்ளே இல்லை, முன்னுரையில் இல்லை. கடைசிப் பக்கத்தில், அச்சிட்டவர் முகவரிக்கு மேலே, எறும்பளவு எழுத்தில் கிடைத்தது. 'தட்டச்சு உதவி: திருமதி குல்சும்.'

நான்கு வருடம், அண்ணா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறினேன். பவானியில் அகல ஜமக்காளம் நெய்யும் தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் எறியும் நாடாவை மற்றவர் வாங்கி நெய்வதைக் குழிக்குள் எட்டிப் பார்த்து எழுதியது நான். ரோமாபுரி வெள்ளிக் காசில் ராஜாவின் முகத்தில் உளி வெட்டு ஏன் விழுந்தது என்று நான்கு பேரிடம் கேட்டு அலைந்தது நான். குறிப்பெடுத்து, தட்டச்சும் செய்து உங்கள் கையில் கொடுத்தேன். அதற்குத்தான் இந்தப் பட்டம் போலிருக்கிறது.

மூன்றாம் கட்டுரையைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே வயிறு எரிந்தது. எங்கள் மொட்டைமாடியில் நிற்கும் இரும்புக் கம்பியின் கதை அது. பள்ளிவாசல் தொழுகை நேர அட்டைக்காக அத்தா நட்ட கம்பி. அவர் மவுத்தான பிறகு பதினோரு வருடமாக நான்தான் தினமும் உச்சி நிழலை அளந்து எழுதுகிறேன். அதைக்கூட 'கோவையில் ஒரு வீட்டு மாடியில்' என்று போட்டிருக்கிறீர்கள். அந்த மாடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டேதான் நீங்கள் சொன்னீர்கள்: "தகவல் உங்களுதுங்க அம்மணி, எழுத்து என்னுது. அட்டையில ரெண்டு பேரும் வரும்." நேரில் பார்க்காததை எழுதக்கூடாது என்று விதி வைத்ததும் அங்கேதான்.

வாட்ஸப்பில் கேட்டேன். 'அடுத்த பதிப்பில் போட்டுக்கலாங்க' என்று அனுப்பினீர்கள். நான் மெஷினில் தாள் மாற்றிவிட்டு வருவதற்குள் அதை அழித்தும் விட்டீர்கள். அதனால்தான் இந்த ஸ்பீடு போஸ்ட். தாளில் எழுதி அனுப்பிய பதிலை அழிக்க முடியாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அட்டையில் என் பெயர்.

உம்மல் குல்சும்


பொள்ளாச்சி
11 செப்டம்பர் 2025

அன்புச் சகோதரி குல்சும் அம்மணி அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். வீட்டில் ராசாத்தாள் உங்களை ரொம்பவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நம் தோட்டத்துத் தேங்காய் ஐம்பதை மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன், உக்கடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் கோபம் தெரிந்தது. கூடப்பிறந்தவளின் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன். விஷயம் இதுதான். பதிப்பாளர் ஒரே பெயர் இருந்தால்தான் விற்கும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ மன்றாடினேன். இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும், அதிலும் வேறு வேறு சமூகம், நான்கு வருடம் ஊர் ஊராக அலைந்து எழுதியதாக அட்டையிலேயே போட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். எனக்கென்ன, நான் ஆம்பளை. உங்கள் நல்ல பெயரை நினைத்துத்தான் விலக்கி வைத்தேன். இதைப் போய் நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டீர்கள்.

தகவல் என்பது தெருவில் கிடப்பது அம்மணி. அதற்கு உயிர் கொடுப்பது எழுத்து. கரும்பு விளைவித்தவனின் பெயரை யாரும் வெல்லத்தின் மேல் ஒட்டுவதில்லை.

தை மாதம் பொள்ளாச்சி நண்பர்கள் எனக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கிறார்கள். 'கொங்கின் கண்' என்று பட்டம் தரப்போவதாகப் பேச்சு. நீங்கள் குடும்பத்தோடு வர வேண்டும். முதல் வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாலுசாமி


கோட்டைமேடு, கோவை
16 செப்டம்பர் 2025

பாலுசாமி அவர்களுக்கு,

அண்ணா என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

என் நல்ல பெயரைக் காப்பாற்ற என் பெயரையே எடுத்துவிட்டீர்கள். நல்ல யோசனை. தேங்காய் மூட்டையை எங்கள் மெஷின்காரர் நரசிம்மலு வீட்டுக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். அவர்கள் வீட்டில் இனி ஒரு மாதத்துக்குத் தேங்காய்ச் சட்னிதானாம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் கட்டுரைகள் வார இதழில் எட்டு வாரம் வந்தன. உங்கள் பெயரில் மட்டும். 'புத்தகத்தில் பார்த்துக்கலாம்' என்றீர்கள், பொறுத்துக்கொண்டேன். ஏழாவது கட்டுரையில் அந்த வெள்ளிக் காசைக் 'கையில் வாங்கிப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்று காசு வைத்திருந்தவரே என்னிடம் சொன்னார். அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மனிதர் எதையாவது போய்ப் பார்க்கிறாரா, இல்லை என் குறிப்பில் 'பார்த்தேன்' என்று சேர்ப்பதுதான் இவர் வேலையா?

வார இதழ் நின்ற பிறகு, புத்தகத்துக்கென்று கொடுத்த குறிப்புகளில் ஒன்றைப் பொய்யாக எழுதிக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான். நீங்கள் ஒரு முறை போய்ப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே குட்டு உடைந்திருக்கும். என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருப்பீர்கள். நானும் மன்னிப்புக் கேட்டு, டீ போட்டுக் கொடுத்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பேன். நீங்கள் கூப்பிடவே இல்லை. இப்போது அச்சில் பார்க்கிறேன். 'நானே நேரில் நின்று பார்த்தேன்' என்று அதிலும் இருக்கிறது.

அட்டையில் என் பெயர் வரட்டும், அது எந்தக் கட்டுரை என்று சொல்கிறேன். வராவிட்டால் நீங்களே மேடையில் தெரிந்துகொள்வீர்கள்.

உம்மல் குல்சும்


பொள்ளாச்சி
1 அக்டோபர் 2025

சகோதரி குல்சும் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ராசாத்தாளிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளை சொன்னா செஞ்சிருக்குங்க" என்றாள். நான் நம்பவில்லை. படித்த பெண், தொழுகை நேரம் குறித்துக் கொடுக்கிறவர், இப்படிச் செய்வாரா? மிரட்டிப் பார்க்கிறீர்கள்.

இருந்தாலும் நமக்குள் மனஸ்தாபம் எதற்கு? ஒரு சமாதானம் சொல்கிறேன். அடுத்த பதிப்பின் முன்னுரையில் 'சிறப்பு நன்றி' என்று தனி வரி, உங்கள் முழுப் பெயரோடு. இதற்குமேல் எந்த எழுத்தாளனும் இறங்கிவர மாட்டான். அப்படி ஏதாவது கட்டுரை நிஜமாகவே இருந்தால், எண்ணை மட்டும் ஒரு கார்டில் எழுதிப்போடுங்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

பாலுசாமி


கோட்டைமேடு, கோவை
7 அக்டோபர் 2025

பாலுசாமி அவர்களுக்கு,

சிறப்பு நன்றி வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ள அது என்ன ஓசி செய்தித்தாளா?

எண் தர மாட்டேன். நாற்பது ஊர் இருக்கிறது, உங்களிடம் கார் இருக்கிறது. போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் பார்க்க வேண்டாம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவது நீங்களே பார்த்தது. எனக்குத்தான் அங்கே பக்கத்தில் நிற்க இடமில்லை. அந்த ஒன்று உங்களுடையது. மற்றதற்கெல்லாம் நான் போன பஸ்ஸில் போனால் நான்கு வருடம் ஆகும். விழாவுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது.

உம்மல் குல்சும்


பொள்ளாச்சி
24 நவம்பர் 2025

திருமதி உம்மல் குல்சும் அவர்களுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்!

தோட்டத்து மேஸ்திரி அன்புமணியை வண்டியில் ஊர் ஊராக அனுப்பினேன். முப்பத்தொன்பதும் சரியாக இருக்கிறது. ஒன்பதாம் கட்டுரைதான் உங்கள் கைவரிசை. 'நிழலில்லாக் கல்'. வேலாங்காட்டுப்புதூர் கோயில் திடலில் ஐந்தடிக் கல் ஒன்று நிற்கிறது, தை இரண்டாம் நாள் பட்டிப்பொங்கலன்று உச்சியில் அதன் நிழல் மறைந்துவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் ஊரில் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள் என்று எழுதிக் கொடுத்தீர்கள். நானும் எவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்! 'தை வெயிலில் அந்தக் கல்லருகே நின்றேன். பக்கத்தில் நின்ற மாட்டுக்கெல்லாம் நிழல் இருந்தது. கல்லுக்கு மட்டும் இல்லை.' இந்த வரிக்காகவே மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

அன்புமணி போய்ப் பார்த்தால் திடலில் கல்லே இல்லை. அதுதானே உங்கள் பொய்?

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. கல் கிடைத்துவிட்டது அம்மணி. பழைய காலத்தில் சாலை போட்டபோது மண்ணுக்குள் போயிருந்ததாம். நம் ஆட்கள் தோண்டி எடுத்து, திடலின் நடுவில், நூல் பிடித்து நேராக நட்டுவிட்டார்கள். 'தை இரண்டாம் நாள் உச்சியில் இக்கல்லின் நிழல் மறைவதை நேரில் கண்டு உலகுக்கு உரைத்தவர் பொ. பாலுசாமி' என்று பொறித்தும் ஆயிற்று. வேலை சுத்தமாக இருக்கிறது. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

பாராட்டு விழாவையே அங்கே மாற்றிவிட்டோம். ஜனவரி 16, வெள்ளிக்கிழமை, பட்டிப்பொங்கல், பகல் பதினொன்றரை. உச்சியில் நிழல் மறையும்போது பட்டம் சூட்டுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஊர்ப் பெரியவர்கள், வீடியோக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள். நாற்காலி இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.

பொ. பாலுசாமி


கோட்டைமேடு, கோவை
1 டிசம்பர் 2025

பாலுசாமி அவர்களுக்கு,

புகைப்படம் கிடைத்தது. அந்தக் கல்லை எனக்குத் தெரியும். உங்கள் தோட்டத்துப் பழைய கிணற்றடியில், மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த காலத்தில் நின்ற கல். மேல் நுனியில் உருளை செருகிய துளை அப்படியே இருக்கிறது. அதில் சாய்ந்து நின்றுதான் ராசாத்தாள் அக்கா எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். சாலைக்கடியிலிருந்து அது எப்படி வந்ததோ, உங்களுக்கும் அன்புமணிக்கும்தான் வெளிச்சம்.

போகட்டும். கல்லைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். எனக்குத் தேவையும் இல்லை.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன், பின்னால் சொல்லவில்லையே என்று நீங்கள் சொல்லக்கூடாது. மேடை ஏறுவதற்கு முன்னால் உங்கள் புத்தகத்தின் மூன்றாம் கட்டுரையை ஒரு தடவை படியுங்கள். நான்கு பக்கம்தான். படித்து முடித்ததும் ஒன்பதாம் கட்டுரையைத் திருப்பிப் பாருங்கள். அவ்வளவு போதும்.

நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

உம்மல் குல்சும்


பொள்ளாச்சி
20 ஜனவரி 2026

உம்மல் குல்சும்,

குளிர்ந்துவிட்டதா மனசு?

நீங்களாகக் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். முந்நூறு பேர் வந்திருந்தார்கள். மேளம், சால்வை, மாலை போட்ட மாடுகள், எல்லாம் தயார். பதினொன்றே முக்காலுக்கு வடக்குப் பக்கம் நிழல் நீளமாகக் கிடந்தது. 'இன்னும் நேரம் இருக்கு' என்றேன். பன்னிரண்டுக்கும் கிடந்தது. பன்னிரண்டரை ஆயிற்று. வெயில் மண்டையைப் பிளக்கிறது, கல்லின் நிழல் நகராமல் அங்கேயே கிடக்கிறது. ஒரு பையன் அதில் போய் உட்கார்ந்துகொண்டான். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் சரவணன் டேப்பை எடுத்து அளந்தார். "மூணடிக்கு மேல இருக்குதுங்க. ஏனுங்க, தை மாசத்துல சூரியன் தெக்க சாஞ்சு போகுது, அப்ப எப்படீங்க நெழல் மறையும்? சித்திரையில மறையும், ஆவணியில மறையும். உங்க புத்தகத்துலயே மூணாவது கட்டுரையில அப்படித்தானுங்க எழுதியிருக்கீங்க" என்று எல்லார் முன்னாலும் மைக்கில் கேட்டார். முன்வரிசையில் இருந்த ராசாத்தாள், "அந்தப் புள்ளை செஞ்சிருக்கும்னு நானும் அன்னிக்கே சொன்னேன், கேட்டாத்தானே" என்றாள். என் பெண்சாதி!

எனக்கு ரத்தம் கொதித்தது. மைக்கை வாங்கினேன். "ஏனுங்க, இந்தப் புத்தகத்துல இருக்கற நாப்பதும் கோயமுத்தூர் கோட்டைமேட்டுல உம்மல் குல்சும்னு ஒரு அம்மா கொடுத்ததுங்க. அவங்க போயிப் பாத்தது, அவங்க எழுதிக் கொடுத்தது. நான் நம்பி அப்படியே போட்டுப்போட்டேன். அந்தம்மா என்னைய ஏமாத்திப்போட்டாங்க. தொழுகைக்கு நேரம் குறிச்சுக் கொடுக்கறவங்க இப்படிப் பொய் எழுதுவாங்கன்னு நான் கண்டனா?" என்று சொன்னேன்.

பெயர், பெயர் என்று கேட்டீர்களே. ஒலிபெருக்கியில், முந்நூறு பேர் முன்னால், முழுப் பெயராகச் சொல்லிவிட்டேன். இனி பொய் என்றால் உங்கள் பெயர்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். திருப்திதானே?

பாலுசாமி


கோட்டைமேடு, கோவை
25 பிப்ரவரி 2026

பாலுசாமி அவர்களுக்கு,

அன்றைக்கு மகள் ஃபர்சானாவின் போனில் நேரலையாகவே பார்த்தேன். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு எங்கள் மாடிக்கும் ஓடிப்போய் அளந்தேன். ஒரு மீட்டர் கம்பிக்கு அறுபத்திரண்டு சென்டிமீட்டர். நீங்கள் அங்கே நிழல் போகும் என்று காத்திருந்த அதே நிமிடம். நான் சிரித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அப்படிச் சிரித்து வருடக்கணக்காகிறது.

பிறகு நீங்கள் மைக்கை வாங்கினீர்கள். சிரிப்பு நின்றது.

பத்து நாள் கழித்து ஜமாஅத் செயலாளர் ஆஸிம் பாய் அச்சகத்துக்கு வந்தார். உட்காரவே இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க. அந்த வீடியோவை எல்லாரும் பாத்துப்போட்டாங்க. இந்த வருஷம் ரமலான் அட்டைக்கு நேரம் வேற எடத்துல வாங்கிக்கறோங்க" என்றார். பதினோரு வருடம் ஒரு நிமிடம் பிசகாத அட்டை. அந்த நேரத்தைப் பார்த்துத்தான் எங்கள் தெருவே நோன்பு திறக்கும். போன வாரம் ரமலான் தொடங்கியது. வேறு யாரோ குறித்த அட்டை எங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கிறது. உங்கள் மேல் மட்டும் கோபப்பட்டுத் தப்பிக்க முடியவில்லை. அந்தப் பொய்யை எழுதியது நான். இரண்டு வருடம் அதைத் திருத்தாமல் விட்டதும் நான். உங்களுக்கு வைத்த கண்ணியில் என் காலும் மாட்டிக்கொண்டது. அதற்கான கூலியைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நீங்கள் பேசியதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். 'நாப்பதும் அவங்க கொடுத்ததுங்க. அவங்க போயிப் பாத்தது.' நான் வாயால் கேட்டு, காலில் விழாத குறையாகக் கேட்டுக் கிடைக்காததை, நீங்களே மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறீர்கள். கோபத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டீர்கள். வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். வாட்ஸப்பில் அழித்ததுபோல் இதை அழிக்க முடியாது.

அந்த வீடியோவையும், என் முப்பத்தொன்பது குறிப்புகளையும், தேதி போட்ட பஸ் டிக்கெட்டுகளையும், உங்கள் கடிதங்களின் நகலையும் பதிப்பாளருக்கு அனுப்பினேன். ஒன்பதாம் கட்டுரை பொய் என்றும், அதை ஏன் எழுதினேன் என்றும் ஒளிக்காமல் எழுதினேன். இனி அவர் சொல்வார்.

உம்மல் குல்சும்


பொள்ளாச்சி
12 மார்ச் 2026

சகோதரி அவர்களுக்கு,

பதிப்பாளர் என் தொலைபேசியை எடுப்பதில்லை. எழுதியும் பதில் இல்லை.

ஒரு உதவி கேட்கிறேன். வேலாங்காட்டுப்புதூர் பக்கம் நான் போக முடியவில்லை. கல்லில் இருப்பதைப் படித்துவிட்டுப் போகிறவர் வருகிறவரெல்லாம் சிரிக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். பிடுங்கிவர அன்புமணியை அனுப்பினேன். "ஊருக்குக் கொடுத்த கல்லுங்க, எடுக்க உட மாட்டோம்" என்று ஊர்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வாத்தியார் சரவணன் உங்களோடு பேசுகிறார் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். கல்லை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் எழுத்தையாவது கொத்திவிடலாம். உங்கள் ரமலான் அட்டைக்கு நான் ஆஸிம் பாயிடம் வந்து பேசுகிறேன். நடந்ததை இரண்டு பேரும் மறந்துவிடலாம்.

வயதாகிவிட்டது அம்மணி.

பாலுசாமி


கோட்டைமேடு, கோவை
8 ஏப்ரல் 2026

பாலுசாமி அவர்களுக்கு,

நீங்கள் ஆஸிம் பாயிடம் பேச வேண்டாம். பெருநாள் முடிந்த மறுவாரம் நானே ஜமாஅத்தில் போய் நின்று, இன்ன பொய் எழுதினேன், இதற்காக எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் அட்டை தருவதாக யாரும் சொல்லவில்லை. மாடிக் கம்பியை வந்து பார்ப்பதாக மட்டும் சொன்னார்கள். வரட்டும்.

பதிப்பாளர் வந்திருந்தார். ஒரே பெயர் இருந்தால்தான் விற்கும் என்று இப்போதும் கறாராகச் சொல்கிறார். அந்தப் பெயர் என்னுடையது. உங்கள் வரி ஒன்றுகூட அதில் வராது. எல்லாவற்றையும் நானே முதலிலிருந்து எழுதுகிறேன். மாட்டுச் சந்தைக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னேன், அது நீங்கள் பார்த்தது. அடுத்தவர் பார்த்ததை என் பெயரில் போடும் பழக்கம் எனக்கில்லை. உங்களையும் மறக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், அச்சிட்டவர் முகவரிக்கு மேலே, எறும்பளவு எழுத்தில் ஒரு வரி வரும். 'தேங்காய் உதவி: திரு. பாலுசாமி.'

இத்துடன் ஒரு அழைப்பிதழ் இருக்கிறது. எங்கள் அச்சகத்தில் ஓட்டியது. ஏப்ரல் 18, சனிக்கிழமை, சித்திரை ஐந்து. பகல் பன்னிரண்டு இருபத்தொன்றுக்கு உங்கள் கல்லின் நிழல் நிஜமாகவே மறையும். சரவணன் சார் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார். ராசாத்தாள் அக்கா வருவதாகப் போன் செய்தார். அந்த இடத்தில் நின்று, ஒன்பதாம் கட்டுரையை எழுதிக் கொடுத்தது நான்தான், அது பொய், சரியானது இதுதான் என்று மைக்கில் சொல்லப்போகிறேன். புத்தகத்திலும் அப்படியே வரும்.

கல்லைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் சொல்வதற்கு முன்பே ஊர்க்காரர்கள் என்னிடம் கேட்டார்கள். "அந்த எழுத்தைக் கொத்தி எடுத்துப்போடலாமுங்களா அம்மா?" என்றார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எடுத்திருப்பார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னேன். சித்திரையில் நிழல் மறைவதைப் பார்க்கப் பிள்ளைகள் வருவார்கள். தை இரண்டாம் நாள் நிழல் விழுவதைப் பார்க்கவும் வருவார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதில் இருப்பதைப் படிப்பார்கள். நேரில் கண்டு உலகுக்கு உரைத்தவர் யார் என்று தெரிந்துகொள்வார்கள்.

என் பொய் தாளில் இருந்தது. திருத்திவிட்டேன். நீங்கள் உங்களுடையதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறீர்கள்.

உம்மல் குல்சும்